ஆத்மநாதனுக்கு ஒரு வயசு

"கேக்குல பேர் என்னன்னு எழுதணும்?"

"ஆத்மநாதன்னு எழுதுங்க. ஒண்ணாம் நம்பர் மெழுகுவத்தி ஒண்ணும் வச்சிருங்க."

விராலிமலை பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். "ஒரு வயசுப் புள்ளைக்கு இம்புட்டுப் பழைய பேரா? தாத்தா பேரு வச்சிட்டாகளோ?"

"புள்ளைக்கு இல்லீங்க... எனக்குத்தான்."

சொல்லிவிட்டு, நரைத்த மீசையைத் துண்டால் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார் ஆத்மநாதன். பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெயரை எழுதப் போனார். மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்.

விஷயம் வேறொன்றுமில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் குடி மறுவாழ்வு மையத்தில், குடியை விட்டு ஒரு வருஷம் முடிந்தால் அதுதான் முதல் பிறந்தநாள். கேக் வெட்டிக் கை தட்டுவதோடு விட மாட்டார்கள். குடித்த காலத்தில் யாரை அதிகமாகத் தலைகுனிய வைத்தோமோ, அவருக்கு எல்லார் முன்னாலும் முதல் துண்டை ஊட்ட வேண்டும்.

அது யார் என்று ஆத்மநாதன் யோசிக்கவே இல்லை. மகன் நிலவழகன்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. போன் போட்டால், "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவான்.

"வருவானா தாயி?" மையத்துக்குள் கால் வைத்ததும் சமூகப் பணியாளர் இசைவாணியிடம் அதைத்தான் கேட்டார்.

"கண்டிப்பா வர்றாருண்ணே. நான் கூப்பிடக்கூட இல்ல, அவரே போன் பண்ணாரு. எந்த ஸ்டாப்புல எறங்கணும், தங்குறதுக்கு எடம் இருக்குமான்னு வெவரமா கேட்டாரு. அப்பா விசேஷத்துக்கு வராம இருப்பாரா?"

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கிப்போனது.

"ஆரம்பிச்சிட்டாரு! கேக்க நனைச்சுப்புடாதீங்க" என்று அதட்டினாள் மனைவி அழகி. அவள் குரலும் சரியில்லை.

எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் நிலவழகன் வந்தான். தோளில் பெரிய பை. கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான். அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை.

"பையக்கூட எறக்கி வைக்க மாட்டேங்கிறான் பாரு. அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிருவான்" என்று அழகியின் காதில் முணுமுணுத்தார் ஆத்மநாதன்.

"பேசுங்கண்ணே" என்றாள் இசைவாணி.

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பேச்சு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"கீரமங்கலத்துல கபடி மேட்ச்சு. எம்மகன்தான் கேப்டன். ஜெயிச்சுப்புட்டான். கப்பு வாங்கச் சொல்லி மைக்குல பேரக் கூப்புடுறாங்க. நான் ஃபுல் போதையில, எம்மவன்டா எம்மவன்டான்னு கத்திக்கிட்டு உள்ள ஓடி விழுந்தேன். கைலி அவுந்து போச்சு. சனம் பூரா கைகொட்டிச் சிரிக்குது. இவன் கப்பக்கூட வாங்காம ஓடியாந்து, தன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து எனக்குக் கட்டிவிட்டான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே நான் செத்திருக்கணுங்க."

மையத்தில் அவரோடு சிகிச்சை எடுத்த, எதற்கெடுத்தாலும் கிண்டலடிக்கும் பீட்டர்கூடத் தரையைப் பார்த்தபடி இருந்தான். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவனுக்கும் அவிழ்ந்த கைலி ஒன்று ஞாபகத்தில் இருக்கும் அல்லவா?

"போங்க, ஊட்டிவிடுங்க" என்று தள்ளினாள் அழகி.

கேக் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு கடைசி பெஞ்சு வரைக்கும் போனார். அவர் கிட்டே வர வர, நிலவழகனின் தலை இன்னும் தாழ்ந்துகொண்டே போனது.

"தம்பி, வாயத் தெறய்யா."

அவன் திறக்கவில்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடியும் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னையப் பாத்தா ஒனக்கு வெக்கமாத்தான் இருக்கும். இவனையா அப்பன்னு சொல்றதுன்னு தோணும். தப்பில்லய்யா. ஒரே ஒரு வாய் வாங்கிக்க. அப்புறம் நீ பஸ் ஏறிப் போயிரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கிரீம் உருகி விரலிடுக்கில் வழிந்தது. நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், நீட்டிக்கொண்டே நிற்கவும் முடியாமல் அவர் கூனிக்குறுகி நின்றார். நாலு பேர் பார்க்க, பெற்ற பிள்ளையிடம் அப்படி நிற்பது சும்மாவா?

அழகிக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, ஒரு வருசமா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்காருடா மனுசன்! பெத்தவரு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, கீழயே பாத்துக்கிட்டு இருக்கியே! மூஞ்சியத் தூக்குடா!"

தூக்கினான். முகமெல்லாம் கண்ணீர். அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்த கைகள் உதறிய உதறலில் கேக் கீழே விழுந்தது.

"நான் ஒங்க விசேஷத்துக்கு வரலப்பா... இங்க சேர வந்திருக்கேன்."