எப்போ வேலை முடியும்?

திருப்போரூருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வாசலில் ஒரு பெண்மணி வந்து நிற்பதைப் பார்த்ததும் சைட் இன்ஜினியர் ஷ்யாமுக்கு அலுப்பாக இருந்தது. ஃப்ளாட் வாங்கியவர்களுக்குப் பதில் சொல்லியே அவனுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது.

"எப்போ சார் வேலை முடியும்?"

"பொங்கலுக்குள்ள முடிச்சிடறோம் மேடம். லேட்டே ஆவாது."

அவள் முகம் வாடியது. "ஏப்ரல் வரைக்கும் இழுக்க முடியாதா சார்?"

இப்படிக் கேட்ட ஆளை அவன் பார்த்ததே இல்லை. "உங்களுது எந்த ஃப்ளாட் மேடம்?"

"ஃப்ளாட்டெல்லாம் இல்ல சார். பக்கத்து நடுநிலைப்பள்ளியில டீச்சர், பேரு வசந்தா. உங்க ஒடிசா ஆளுங்க பிள்ளைங்கதான் எங்க ஸ்கூல்ல பாதி. இப்பத்தான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்க. வேலை முடிஞ்சா முழுப்பரீட்சைக்கு முன்னாடியே வேற ஊருக்குப் போயிடுதுங்க. போன வருஷமும் இதே கதைதான். ரிசல்ட் ஏன் கம்மின்னு மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்க."

ஷ்யாம் கையிலிருந்த வேலை அட்டவணையைப் புரட்டினான். பிறகு, "காம்பவுண்டு சுவர் வேலை மட்டும் ஏப்ரல் வரைக்கும் இருக்கு டீச்சர். நாலு குடும்பத்தை நிறுத்திக்கலாம். எந்த நாலுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வசந்தாவின் கண்முன் வந்தது. விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்; நாலைத் தாண்டியும் விரல் நிற்கவில்லை.