ஐயாவின் கட்டைவிரல்

கொடைக்கானல் மலைப்பாதையில் எங்கள் ஆம்புலன்ஸ் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது.

"ஓட்டுநர் பெண். வளைவுகளில் பெண்களின் சராசரித் திறன் குறைவு. வேகம் குறைக்கப்படுகிறது" என்றது வண்டி. இந்த மாதம்தான் எவனோ அதற்கு இந்தப் புத்தியைப் புகட்டியிருந்தான். செல்வராணியக்கா அதே வளைவுகளில் பல வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள்.

பின்னால் நினைவில்லாமல் கிடந்த பேரிக்காய்த் தோட்டக்காரரின் நாடி என் விரலடியில் மங்கிக்கொண்டே வந்தது.

"யக்கா, இப்படி ஊர்ந்தா ஆளு தங்க மாட்டாரு."

ஓட்டுநர் ஆணா பெண்ணா என்று வண்டி பார்க்கும் கைரேகைக் கருவியை அக்கா பிடுங்கி, வயரோடு இடையிலிருந்த ஜன்னல் வழியாகப் பின்னால் நீட்டினாள். "அவரு கட்டவிரல இதுல வையிடி."

வைத்தேன்.

"ஓட்டுநர் ஆண். வேகக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது."

அக்கா வண்டியைப் பறக்கவிட்டாள். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் அவரை உயிரோடுதான் இறக்கினோம். அப்போது வண்டி குழைந்தது: "அபாரமாக ஓட்டினீர்கள், ஐயா."

அக்கா அதன் திரையிலேயே காறித் துப்பினாள்.

உடனே அடுத்த அழைப்பு வந்தது. மலைமேல் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி.

"புருஷனும் கண்டிப்பா கூட வரணும்னு சொல்லிருடி" என்றாள் அக்கா. "அவன் விரல் வேணும்."