சுருட்டையின் பூட்டிய பக்கங்கள்

தலையைப் பிடித்துவிடும்போது கண் சொக்காதவர் யாராவது உண்டா? பாதித் தூக்கத்தில், மனசுக்குள் கிடப்பதெல்லாம் தானாக வாய்க்கு வந்துவிடும்.

அந்த மதியமும் அப்படித்தான். தலையைப் பிடித்துவிட்டுக்கொள்ளக் கடைசியாக வந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள். கண்ணாடிகளில் வெயில் மிதந்தது. ஈரத் துண்டுகளிலிருந்து ஷாம்பு வாசனை. பார்லரே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

முதலாளியம்மாவுக்கு மட்டும் உள்ளே கொதித்தது.

வருகிறவர்கள் எல்லாம், "சுருட்டை இல்லையா? அப்ப அப்புறமா வரேன்" என்று வாசலோடு திரும்புகிறார்கள். கடையில் வேலைக்கு இருக்கும் அந்தச் சுருட்டை முடிக்காரியோ, ஒவ்வொருத்தரும் எழுந்து போனதும் மூலையில் நின்று போனில் எதையோ தட்டுகிறாள்.

இன்றைக்குத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால், வரிசையாகப் பட்டப்பெயர்கள். பூக்குடை, நீலப்பை, தூங்குமூஞ்சி.

"யார்டி இவங்கல்லாம்?"

சுருட்டை சட்டென்று போனை அணைத்தாள். "நம்ம கஸ்டமருங்கக்கா."

"ஓஹோ! ஆளைச் சேர்த்துக்கிட்டுத் தனிக்கடை போடப் போறியா?"

"ஐயோ, அதுல நம்பர்கூட இல்லக்கா. ஆளுக்கொரு பக்கம். யாருக்கு எது பிடிக்கும், யார்கிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு. எழுதி வெக்கலன்னா எனக்கு மறந்துடும்."

"அப்ப திறந்து காட்டு."

"மாட்டேன்."

"என்னது?"

"அவங்க கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னதாச்சேக்கா அது. அதனாலதான் தேடிப் பிடிச்சு போன்ல இந்த ஆப்பைப் போட்டேன். எழுதறது நெட்டுக்கே போகாது. என் பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் படிக்க முடியாது."

"என் கடையில எனக்கே பூட்டா? காட்டறதுன்னா இரு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

சுருட்டையின் முகம் சுருங்கிப்போனது. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. ஏப்ரனை அவிழ்த்தாள். அழகாக மடித்து நாற்காலியில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"மத்தவங்க பக்கத்தைக் காட்ட மாட்டேன்க்கா. உங்க பக்கம் உங்களோடது. அதை வேணா பாருங்க."

"எனக்குமாடி பக்கம்?"

சுருட்டை பாஸ்வேர்டை அடித்து, போனை நீட்டினாள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள்.

'அக்கா. முழங்கால் வலி. துண்டுகளைக் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது. மகன் போன் பண்ணாத வாரம் எரிந்து விழுவார், எதிர்த்துப் பேசக் கூடாது. மனசு தங்கம். ஆனால் வருகிறவர்களிடம் "ஏன் இன்னும் குழந்தை இல்லை, வீட்டுக்காரர் எங்கே" என்று ஆரம்பித்துவிடுவார். உடனே ஹேர் டிரையரைப் போட்டுவிட வேண்டும்.'

முதலாளியம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை மதியங்கள்! தான் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'ஹோ'வென்று அலறிய டிரையர். "காஞ்ச தலைக்கு எதுக்குடி அது?" என்று எத்தனை திட்டு!

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் முகமே அவளை ஒரு தினுசாகப் பார்த்தது.

எழுந்து, ஏப்ரனைச் சுருட்டையின் கையில் திணித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்த டிரையர் பழசாயிடுச்சு. நாளைக்கு நல்லாச் சத்தம் போடறதா ஒண்ணு, நீயே பார்த்து வாங்கிட்டு வாடி."