சத்தமில்லாத ஏழாவது பாட்டு

புருஷனோட முதல் ஆல்பம் வெளியான அன்று, ஊரே கூடி வாழ்த்திக்கொண்டிருக்க, பெண்டாட்டி மட்டும் குறை கண்டுபிடித்தாள்.

"ஏங்க, ஏழாவது பாட்டுல சத்தமே வரலியே?"

எப்படி இருக்கும் மனுஷனுக்கு?

"உன் போன்ல ஏதாவது கோளாறா இருக்கும். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிடாதே" என்றான் புயல்.

புயல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர் என்று சொல்லிக்கொள்வான். வைத்தபோது அவனுக்கு ரசிகர்களே கிடையாது, அது வேறு விஷயம். ராக் பாடகன். சினிமாவுக்குப் பாட மாட்டேன், எந்தக் கம்பெனிக்கும் தலையாட்ட மாட்டேன், என் இசையை நானே போடுவேன் என்று கொள்கை. ஆல்பத்தின் பெயரே 'ஒளிவு மறைவு இல்லை'.

கொள்கை அவனுக்கு, கஷ்டம் அவளுக்கு. படுக்கையறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜை அணைத்து, மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். பால் கெட்டுப்போனால் அது கலைக்குச் செய்த தியாகம்.

ஏழாவது பாட்டைப் பாட வேண்டிய பெண் தொண்டை கட்டிக்கொண்டு வராமல் போனதால், "நீயே சும்மா பாடேன்" என்று இவளை மைக் முன்னால் நிறுத்தினான். கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவள்தான். ஒரே மூச்சில் பாடி முடித்தாள். சவுண்ட் இன்ஜினியர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

"பரவாயில்ல" என்றான் புயல்.

அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், பைத்தியக்காரி!

"என் போன்ல மட்டும் இல்லீங்க. பக்கத்து வீட்டுல போட்டும் பார்த்துட்டேன். வரல."

புயல் வேண்டாவெறுப்பாகப் போட்டுப் பார்த்தான். முதலிலிருந்து கடைசி வரை ஒரு முனகல்கூட இல்லை.

"ஐயையோ! வேலை பார்க்கும்போது ம்யூட் போட்டிருந்தோம். அதை எடுக்க மறந்து அப்படியே ஏத்திட்டோம் போல!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "காலையில முதல் வேலையா மாத்திடறேன்."

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

விடிந்ததும் பாராட்டுகள் வந்து குவிந்தன.

"ஏழாவது பாட்டு காதை விட்டுப் போகவே மாட்டேங்குதுடா!" என்றார் புயலின் பெரியப்பா மகன்.

"ஏழாவது பாட்டுல உன் குரல் தேன்டி!" என்றாள் அவள் ஆபீஸ் தோழி.

சொந்தமும் சிநேகமும் கேட்ட லட்சணம் இப்படி. ஆனால் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதும் தாடிக்காரர் ஒருவர் அப்படியெல்லாம் ஏமாற்றுகிறவர் இல்லை. நிஜமாகவே கேட்டுவிட்டு எழுதினார்: 'ஏழாவது பாடலில் எதுவும் இல்லை. அதனாலேயே எல்லாம் இருக்கிறது. இரைச்சல் பிடித்த இந்தக் காலத்தின் கன்னத்தில் விழுந்த அறை, இந்த மௌனம்.'

அவ்வளவுதான். விமர்சகருக்குப் புரிந்தது தனக்குப் புரியவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? ஆளாளுக்கு மௌனத்தைக் கேட்டு உருக ஆரம்பித்தார்கள்.

"மாத்தறேன்னு சொன்னீங்களே?"

"இப்பப் போய் மாத்தினா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

"அப்ப நான் பாடினது?"

"அடுத்த ஆல்பத்துல போட்டாப் போச்சு. எங்கே ஓடிடப் போகுது?"

பாராட்டு விழாவில் ஏழாவது பாட்டை மேடையிலேயே நிகழ்த்திக் காட்டினான் புயல். கிட்டாரைத் தொடாமல், கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி நின்றான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் உட்காரப் பிடிக்காமல், அரங்கத்தின் கடைசியில் சவுண்ட் இன்ஜினியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள் அவள்.

"இந்த மௌனத்துக்குப் பின்னால யார் இருக்காங்க?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

"என் மனைவி" என்றான் புயல், குரல் தழுதழுக்க. "முழுக்க முழுக்க அவதான் காரணம். அவ இல்லேன்னா இந்த மௌனமே இல்ல!"

மறுபடி கைதட்டல்.

"கேட்டீங்களா?" என்றாள் அவள் இன்ஜினியரிடம். "ம்யூட்டை எடுக்க மறந்தது நீங்க ரெண்டு பேரும். காரணம் நானாம்!"

இன்ஜினியர் நெளிந்தார்.

"மறக்கல அண்ணி."

"என்னது?"

"நான் எடுக்கத்தான் போனேன். அண்ணன்தான் கையைப் பிடிச்சார். 'அவ பாடினதைக் கேட்டுட்டா அப்புறம் என் பாட்டை எவன் கேப்பான், அப்படியே இருக்கட்டும், மறந்துட்டோம்னு சொல்லிக்கலாம்'னார். நானும் வாயை மூடிக்கிட்டு ஏத்திட்டேன், தப்புதான். மேடையில அவர் பேசினதிலயே அது ஒண்ணுதான் அண்ணி உண்மை. நீங்கதான் காரணம்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மேடம் மேடைக்கு வரணும்! ரெண்டு வார்த்தை பேசணும்!" என்று தொகுப்பாளர் கூப்பிட, புயல் பெருமையாகக் கையை நீட்டினான்.

அவள் எழுந்தாள்.

"மைக்ல சத்தம் எவ்வளவு வைக்கட்டும் அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டார் இன்ஜினியர்.

"பேசப் போறதில்ல, பாடப் போறேன். கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."