ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள்

"ரெண்டுல ஒண்ணைத் தூக்கியாகணும் பெரியம்மா. வேற வழியில்ல," என்றார் கியெம்.

"எதைத் தூக்குவீங்க?" என்றாள் லுவா.

"எதை வேணாலும். வைரஸ் தடுப்பு ஒண்ணு இருந்தாப் போதும். ஒரே வாசலுக்கு ரெண்டு காவல்காரனை நிறுத்தினா திருடன் வர்ற வரைக்குமா காத்திருப்பாங்க? ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சு உதைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதான் புதுக் கணினி இப்படி ஆமை நடை நடக்குது."

திரையில் நீல வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏழாம் மாதப் பௌர்ணமி முடிந்த வாரம் அது. வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் கியெமின் கடைக்குக் கூட்டம். எல்லார் வீட்டிலும் புதுக் கணினி வந்து இறங்கியிருக்கும். வெளியே தெருவை அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. கியெமுக்கு அது பழகிவிட்டது.

அவர் கை வைத்த கணினிகளில் பாதி ஓடும். மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் திரும்பி வருவதில்லை. இரண்டையும் அவர் வெற்றி என்றே எடுத்துக்கொள்வார். ஈரக் கையோடு மின்கம்பியைத் தொடக் கூடாது என்பது மட்டும்தான் இந்தத் தொழிலில் அவர் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம்.

"கணினியில என்ன பெரியம்மா பண்றீங்க?"

"சீட்டாடறேன். எங்க வரிசையில நாலு பேர் சேர்ந்து ஆடறோம். நான் ஒரு சீட்டை இறக்கினா அது போய் விழறதுக்குள்ள மத்த மூணு பேரும் குறட்டை விடறாங்க. இன்னும் ரெண்டு ஆட்டம் பாத்துட்டு வேற ஆளைச் சேத்துக்கப் போறாங்களாம்."

"அதுக்குத்தான் சொல்றேன். இது கனமானது, எந்நேரமும் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கும். இது லேசு, தன் வேலையைப் பாத்துட்டு சும்மா கிடக்கும். லேசானதை வச்சுக்குவோம்."

"லேசானது யார் அனுப்பினது?"

கியெம் லேசானது வந்த பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். பெயர் எழுதாத பெட்டி இந்தப் பக்கம் வந்து சேராது. வழியிலேயே எவனாவது பிடுங்கிக்கொள்வான்.

"தோவான்னு போட்டிருக்கு."

"மக. அப்போ மகன் காங் அனுப்பினதைத் தூக்கணுமா?"

"அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

கியெம் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு பேரும் மூணு வருஷமாப் பேசிக்கறதில்ல," என்றாள் லுவா. "என்ன சண்டைன்னு கேட்டா சிரிப்பீங்க. என் போட்டோ யார் வீட்டுல இருக்கணும்னு."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? கத்தியே பாத்துட்டேன். என் பேச்சு அவங்க காதுல விழறதே இல்ல."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்," என்றார் கியெம். "ஆனா நான் பேசினது முன்னாடியும் விழுந்ததில்ல."

லுவா சிரிக்கவில்லை. எதிரே வைத்த பால் காபியின் ஆவியை மட்டும் முகர்ந்துவிட்டு, தளும்பத் தளும்ப அப்படியே தள்ளி வைத்தாள்.

"காங் கணினியோட ஒண்ணைச் சேர்த்து அனுப்பியிருக்கான். இவ தனியா ஒரு பெட்டி அனுப்பியிருக்கா. ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தா ரெண்டு வந்திருக்குமா? இன்னும் முகம் பாத்துக்கலைன்னுதானே அர்த்தம்? இதுல நானும் ஒண்ணைத் தூக்கிப் போட்டா, பெத்தவளே ஒரு பக்கம் சேர்ந்த மாதிரி ஆயிடும் தம்பி."

வைரஸுக்கு மருந்து உண்டு, இதற்குக் கியெமின் கடையில் எதுவும் இல்லை. பெட்டிகளைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கே வந்து சேரும் எல்லாவற்றிலும் இருக்கும் அதே புகை வாடை. காங் அனுப்பிய பெட்டியில் ஒரு கருப்புத் தழும்பு வளைந்து ஏறி விளிம்பில் நின்றிருந்தது. அது நின்ற இடத்தில் தோவாவின் பெட்டியில் இன்னொரு தழும்பு தொடங்கி, மிச்ச வளைவை முடித்தது. ஒன்றின் தங்கச் சரிகைக் காகிதத் துணுக்கு இன்னொன்றின் மேல் ஒட்டிக் கிடந்தது.

கியெம் பெட்டிகளைப் பிரித்தார். மறுபடி சேர்த்துவைத்தார்.

"பெரியம்மா, இங்க பாருங்க. தனித்தனியா எரிச்சிருந்தா கரி இப்படி ஒட்டி வராது. ரெண்டு பேரும் ஒரே தகர டின் முன்னாடி நின்னு, உங்களுக்குப் படைச்ச ரெண்டு காகிதப் பெட்டியையும் ஒண்ணா நெருப்புல போட்டிருக்காங்க."

லுவா அந்தக் கருப்பை விரலால் தடவினாள்.

"யார் வீட்டு வாசல்ல?"

"அது இதுல தெரியாது."

"எது நல்லதுன்னு அங்கயும் சண்டை போட்டிருக்கும் சனியனுங்க," என்றாள். "போட்டுக்கிட்டே பக்கத்துல பக்கத்துல நின்னிருக்கும்."

காகிதக் கணினிக்கு எடை ஏது? ஒரு கையால் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் இருக்கட்டும் தம்பி, மெதுவாவே ஓடட்டும். அந்த மூணு பேரும் காத்துக் கிடக்கட்டும். செத்துப்போனவங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"