மூடிக் கிடக்கும் மலை

ஒரு நாள் முழுக்கப் பறப்பதற்கு விலை இரண்டு டாலர். அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ஹார்லனின் பனிச்சறுக்கு மலையில் அவ்வளவுதான் வாங்கினார்கள். பழைய லாரி இன்ஜின் இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் உச்சிக்குப் போய்விடலாம். கயிறு கையுறையின் உள்ளங்கையை மட்டும் தின்றுவிடும். இன்ஷூரன்ஸ் கட்டி மாளாமல் மலையை மூடிப் பல வருஷமாகிறது.

"திருட்டுத்தனமா ஓட்டுறீங்கன்னு புகார். உண்மைன்னா இன்ஜினைத் தூக்கிட்டுப் போயிடுவேன்," என்றார் அரசாங்க ஆய்வாளர் ராய்ஸ்.

"அது செத்துப்போச்சு சார். உள்ள எலி குடும்பம் நடத்துது," என்றார் ஹார்லன்.

சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு டோரீன் கையை உயர்த்தினாள். "சத்தியமா சொல்றேன், கயித்தைத் தொட்டே வருஷக்கணக்காச்சு!"

அவளுடைய புதுக் கையுறையின் உள்ளங்கை கந்தலாகத் தொங்கியது. "பாவி, கையைக் கீழ போடு!" என்று ஹார்லன் முணுமுணுத்தார்.

ராய்ஸ் அந்தக் கையை நிதானமாகப் பார்த்தார். அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று எழுதினார். பிறகு கோட்டுப் பையிலிருந்து தம் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டிலும் உள்ளங்கையே இல்லை.

"எங்க ஊர் மலையும் இதே லட்சணத்துலதான் மூடிக் கிடக்குது," என்றார். "சனிக்கிழமை வாங்க."

அன்றைய கணக்கு: மூடிய மலை இரண்டு, பொய் மூன்று, நஷ்டம் கையுறைகளுக்கு மட்டும்.