சிவப்பு நூல் கட்டிய டப்பா

"நான் கையெழுத்துப் போட்ட நாற்பது சீட்டையும் திருப்பி வாங்குங்க."

பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அங்கேயே வேலை பார்க்கும் அப்பா அவளிடம் சொல்லிவைத்திருந்தார்: முதலாளிகிட்ட எதை வேணும்னாலும் கேளு, வெளியே போன சீட்டைத் திருப்பி வாங்கச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துடாதே.

திறந்துவிட்டாள்.

முதலாளி பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியின் நுனியை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார், மறுபடியும் வாய்க்குள் விட்டார்.

அவள் முகத்தைச் சுளித்தாள். அவரைப் பார்த்தா, தன் கையில் இருந்ததைப் பார்த்தா என்று சொல்ல முடியவில்லை.

கையில் இருந்தது ஒரு சைக்கிள் பிரேக்கின் வயிறு. கைப்பிடியை அழுத்தினால் குழாயில் இருக்கும் எண்ணெய் தள்ள, இரண்டு பக்கமும் இரண்டு பிஸ்டன்கள் வந்து சக்கரத் தட்டைக் கவ்வ வேண்டும். விட்டால் திரும்ப வேண்டும். இதில் ஒன்று வந்தால் மற்றது வராது, சொத்துத் தகராறில் நிற்கும் பங்காளிகள் மாதிரி. வந்ததும் திரும்பிப் போகாது. அப்படியே ஒட்டிக்கொண்டு தட்டைத் தேய்க்கும்.

மலைச்சாலைக்கு சைக்கிள் வாடகைக்கு விடும் கடையிலிருந்து காலையில் வந்தது. அங்கே இதே போல நாற்பது. எல்லாமே போன மாதம் இந்தப் பட்டறையில் எண்ணெய் மாற்றியவை. ஒவ்வொன்றின் சீட்டிலும் 'ஓட்டத் தகுதியானது' என்ற வரிக்குக் கீழே அவள் பெயர், பட்டத்தோடு. அவள் வம்சத்திலேயே முதல் பட்டம்.

நாளைக் காலை நாற்பதும் மலை இறங்கப் போகின்றன.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பிஸ்டனைத் துடைத்துப் பார்த்திருந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் பட்டையால் உள்ளே தள்ளி, மறுபடி அழுத்திப் பார்த்திருந்தாள். நான்கு முறை. ஐந்தாவது முறை முழுசாகக் கழற்றிப் போட்டாள்.

உள்ளே ரப்பர் வளையம் ஊறின கொண்டைக்கடலையாக உப்பியிருந்தது. அதைச் சுற்றிச் சளி மாதிரி ஒரு கூழ். மூக்குக்குக் கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, கார் பிரேக்குக்கு ஊற்றுகிற சரக்கு. இந்த ரப்பருக்கு அது விஷம். இன்றைக்கு பிஸ்டன் ஒட்டும். நாளைக்கு வளையம் கிழியும். இறக்கத்தில் கைப்பிடியை அழுத்துகிறவன் காற்றைப் பிடிப்பான்.

"என்ன இன்ஜினியரம்மா, கார் குடிக்கிறதை சைக்கிள் குடிச்சா வயித்தாலயா போகும்?" முதலாளி தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் குச்சியைத் துப்பினார்.

"ஊத்தினது உங்கப்பன். டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு அந்த ஆளு என்னத்தைக் கண்டான்? சீட்டைத் திருப்பி வாங்கினா எவன் தலை உருளும்னு யோசிச்சுப் பேசு."

அப்பா மூலையில் நின்று கந்தைத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்கள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா."

இது அவள் எதிர்பார்த்து வந்ததுதான். அவளுடைய மதிப்பெண் அட்டைகள் அத்தனையிலும் கைநாட்டு வைத்த மனிதர். பஸ்ஸில் மாட்டியிருக்கும் பலகையை இன்றைக்கும் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். எழுத்தே தெரியாதவர் தலையில் எழுத்தின் பழியைப் போட்டால் எந்த ஊர் நியாயம்?

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அலமாரியைப் பார்த்தாள்.

இரண்டு டப்பாக்கள். ஒரே நிறம், ஒரே உயரம். படிக்கத் தெரியாதவர் ஏமாறத்தான் செய்வார்.

சைக்கிள் எண்ணெய் டப்பாவின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

இரட்டை முடிச்சு. ஓரத்தில் சின்னதாக ஒரு காது.

வீட்டில் அம்மாவின் மருந்துப் புட்டிகளில் இருப்பதும் இதே முடிச்சுதான். காலை மருந்துக்கு வெள்ளை நூல், ராத்திரி மருந்துக்குக் கறுப்பு. அப்பா கட்டியது. அப்பாதான் எடுத்துக் கொடுப்பார். மூன்று வருஷத்தில் ஒரு வேளைகூட மாறிப்போனதில்லை.

"அப்பா, முதலாளி பொண்ணு சைக்கிளுக்கும் நீங்கதானே எண்ணெய் மாத்தினீங்க, அதுக்கு எதை ஊத்தினீங்க?"

அவர் கண் சிவப்பு நூலுக்குப் போய்விட்டுத் தரைக்கு வந்தது.

"உனக்கு இங்க ஒரு நாற்காலி போட்டுக் குடுத்திருக்காரும்மா," என்றார் தரையிடம். "விலை கம்மின்னு அவரு கார் சரக்கை ஊத்தச் சொன்னா, நான் என்னத்தைச் சொல்றது?"

முதலாளி அந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "அதான் சொல்லிட்டாருல்ல. உக்காரு."

அவள் கையில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். நாற்றம் போகவில்லை. உப்பிய வளையத்தைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டாள்.

"சாப்பிட்டுட்டாவது போம்மா."

அவள் அதற்குள் வாசலில் இருந்தாள்.

வாடகைக் கடை இரண்டு தெரு தள்ளி. பையில் அவள் காலையிலேயே எழுதி மடித்து வைத்த கடிதம் இருந்தது. நாற்பது சைக்கிள்களையும் உடனே நிறுத்திவிடுங்கள், கையெழுத்து என்னுடையது, தப்பும் என்னுடையது. முதலாளி தானாகவே சீட்டை வாங்கியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

கடைசி வரியை மட்டும் அப்பாவுக்காக எழுதியிருந்தாள்: 'எண்ணெய் ஊற்றியவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நேர்ந்த பிழை.'

படியிறங்கும்போதே பேனாவைத் திறந்தாள். கடிதத்தைத் தெருச் சுவரில் வைத்து அழுத்தி, அந்த ஒரு வரியை அடித்தாள்.